தாளுக்குப் பொருந்திய ஆள்

‘தேடப்படும் நபர்: வலப் புருவத்தில் வெட்டுத் தழும்பு. மேல்வரிசையில் இரண்டு பற்கள் இல்லை. இடது காலைத் தாங்கி நடப்பார். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டார்.’

இதை வைத்துப் பிடிக்கப்பட்ட போட்டோ ஸ்டூடியோக்காரருக்குப் புருவம் முழுசு, பல் முப்பத்திரண்டு, நடை நேர். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் “இதோ வந்துட்டேன்!” என்று ஓடிவந்ததால்தான் மாட்டினார். தேடப்பட்டவனுக்கும் அதே பெயர், பொருத்தம் அவ்வளவுதான். படத்தில் பிறர் முகத் தழும்புகளை அழித்துக் கொடுப்பது அவர் தொழில்.

சிறையறைக் கதவில் அந்தத் தாளை ஒட்டினார்கள்.

“ஒண்ணுகூட ஒத்துப்போகலையே, ஐயா.”

“அவசரப்படாதப்பா, விசாரணை இன்னும் முடியல,” என்றார் வார்டர்.

முதல் வருடம் குழாயடியில் வழுக்கி விழுந்து புருவம் கிழிந்தது. வலப் புருவம்தான். சிறை மருத்துவர் தையல் போட்டார். போகிறபோக்கில் தாளின் முதல் வரிக்கு ஒரு டிக் அடித்தார். மூன்றாம் வருடம் ஈறு வீங்கிப் பல் இரண்டு போயிற்று. டிக். ஐந்தாம் வருடம் ஒரு காலை எழுந்தபோது இடது கால் மரத்திருந்தது, மரத்தது மரத்ததுதான். யாரும் அவரை ஒரு அடி அடிக்கவில்லை. அடித்திருந்தால் இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

கல்யாணமான நாளிலிருந்து ‘என்னங்க’ என்றே கூப்பிட்ட மனைவி, ஏழாம் வருடம், கம்பிவலைக்கு வெளியே நின்று, பேசிவிட்டு உள்ளே நடந்தவரை, தாளின் கடைசி வரியைச் சோதித்துப் பார்க்கப் பெயரையே சொல்லிக் கூப்பிட்டார்.

அவர் திரும்பவில்லை.

“என்னங்க!”

திரும்பினார்.

“சொந்தப் பேரே மறந்துபோச்சா?”

“நீ அந்தாளத்தான் கூப்பிடறேன்னு நெனச்சேன்.”

அடுத்த மாதம் அந்த ஆள் வேறொரு ஊர் மருத்துவமனையில் இறந்துபோனான். தேடப்பட்டவன் அவன்தான் என்று கைரேகையை வைத்து உறுதியானது. நீதிமன்றம் இவரை விடுவித்தது. சிறை அலுவலக எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார்: ‘அடையாளங்கள் பொருந்தியதால் நல்லெண்ணத்துடன் காவலில் வைக்கப்பட்டேன். யார்மீதும் புகார் இல்லை.’

“போட்டுத் தொலைங்க, வீட்டுக்குப் போவோம்,” என்றார் கூட்டிப்போக வந்திருந்த மனைவி.

“இதுல பொய் எங்க சார் இருக்கு? நாலும்தான் இருக்கே,” என்றார் எழுத்தர், அவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்து. “போடலைன்னா மேலதிகாரி வந்துதான் கதவு தொறக்கணும். அவரு திங்கக்கிழமைதான் வருவாரு.”

அன்று வெள்ளிக்கிழமை.

அவர் கையெழுத்துப் போடவில்லை. படிவத்தின் பின்பக்கத்தில், தன்னைப் பிடித்த போலீஸ் ஆய்வாளர், டிக் அடித்த மருத்துவர், ஏழு வருடமும் காவலை நீட்டித்த நீதித்துறை நடுவர் என மூவர்மீதும் புகார் எழுதிக் கொடுத்தார். பிறகு திங்கட்கிழமைவரை உள்ளே இருந்தார்.