நாலாவது ஆள்

இது நடந்தது. நடந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. நான் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்கிறேன். வருகிற கோரிக்கைகளில் எது பொய் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதே கதையை வேறு யாராவது எழுதி அனுப்பியிருந்தால் இரண்டாம் பக்கத்திலேயே தூக்கி எறிந்திருப்பேன். என்ன செய்வது, அந்தச் சனிக்கிழமை கல் இருந்தது என்னுடைய கோட்டுப் பையில்.

முதலில் எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அஜித்தாவுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. மூன்று தடவை ஐ.வி.எஃப். செய்து மூன்றும் சரிவரவில்லை. நாலாவது தடவை ஒரே ஒரு கருவை வைத்தார்கள். அது நின்றது. அந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் ஸ்கேன். ஏழு வாரம் என்றார்கள். திரையில் ஒரு புள்ளி. அதற்குள் ஒரு துடிப்பு. அஜித்தா அழுதாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. மூன்று தடவை சந்தோசப்பட்டு ஏமாந்ததில் மனம் மரத்துப் போயிருந்தது. இதுவும் போய்விடுமோ என்ற பயம் மட்டும் உள்ளே எங்கேயோ இருந்தது. மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான்.

அந்த நேரம் பார்த்துத் தவமலர் மாமி வந்து இறங்கினார். அஜித்தாவின் சின்னம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து பாரிசுக்குக் கல்யாணவீட்டுக்கு வந்தவர், வந்ததோடு லண்டனையும் ஒரு கை பார்ப்போம் என்று ரயில் ஏறிவிட்டார். இருப்பது ஒரு வார இறுதி. பிக் பென், தேம்ஸில் படகு, மீனும் சிப்ஸும், டவர் பிரிட்ஜ், கடைசியாக டூட்டிங்கில் தோசை. எல்லாம் சனிக்கிழமை ஒரே நாளில் முடிய வேண்டும்.

"லண்டனுக்கு வந்தும் தோசையோ மாமி?" என்றேன்.

"உங்கட சிப்ஸைத் திண்டுபோட்டு நான் என்னண்டு நித்திரை கொள்ளுறது?" என்றார்.

காலையில் கிங்ஸ்பரி வீட்டுக் கதவைத் திறந்ததும் மாமி என் கையைப் பிடித்தார்.

"நில்லுங்கோ தம்பி. மூண்டு பேரா வெளிக்கிடக் கூடாது."

இது தெரியாத தமிழ்வீடு இருக்காது. மூன்று பேராகப் போனால் போகிற காரியம் கெடும் என்பார்கள். ஒரு கல்லை நாலாவது ஆளாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மாமி கைப்பையைத் திறந்தார். விடிய நடக்கப் போனபோதே எடுத்து வைத்திருந்தாராம். வெள்ளைக் கல். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது.

நான் அஜித்தாவைப் பார்த்தேன். அவள் தன் சப்பாத்தைப் பார்த்தாள். நாங்கள் ஏற்கெனவே நாலு பேர். அதை மாமிக்குச் சொல்ல முடியாது.

"சும்மா பொக்கற்றுக்குள்ள போடுறேல்லை. வா எண்டு கூப்பிடோணும்."

"வா," என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

ரயிலில் கூட்டம் இல்லை. எங்களுக்கு எதிரே ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருந்தார். ஏறியதிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். எங்களைப் பார்த்து அல்ல. அஜித்தாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு இருக்கை காலியாக இருந்தது. அந்த இருக்கையைப் பார்த்து... கொஞ்சம் கீழே. இறங்கும்போது அதற்குக் கையும் காட்டினார். வயதுபோனவர், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிக் பென்னுக்கு முன்னால் மாமி இருபது படம் எடுத்தார். எல்லாவற்றிலும் மாமியின் விரல் விழுந்திருந்தது. படகில் ஏறும்போது டிக்கெட் பார்த்த பையன், "சின்ன ஆளைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், படி ஈரம்," என்று ஆங்கிலத்தில் சொன்னான். எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் வரவில்லை.

மத்தியானம் ஆற்றோரக் கடை ஒன்றில் மீனும் சிப்ஸும். பரிமாறுகிற பெண் மூன்று மெனு கொண்டுவந்தாள். கூடவே ஒரு படத்தாள், சின்னப் பெட்டியில் மெழுகுப் பென்சில்கள். பிள்ளைகள் நிறம் தீட்டுவதற்குக் கொடுப்பது.

"எங்களில ஆர் இஞ்ச சின்னப்பிள்ளை?" மாமி சிரித்தார். "உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. இதைத்தான் ஊரெல்லாம் புகழுதோ?"

தாளை யாரும் தொடவில்லை. மேசையின் நாலாவது பக்கத்தில், காலிக் கதிரைக்கு முன்னால், அப்படியே கிடந்தது. சாப்பிட்டு எழும்பும்போது பார்த்தேன். தாளில் சிவப்பாக ஒரு வட்டம் இருந்தது. கோணல்மாணலான வட்டம். அஜித்தாவும் பார்த்தாள். தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

நவம்பர் மாதம். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. டவர் பிரிட்ஜில் காற்று முகத்தை வெட்டியது. கையைக் கோட்டுப் பைக்குள் விட்டேன்.

கல் சுட்டது.

அவித்து உரித்த முட்டையின் சூடு. என் விரல்கள் குளிரில் விறைத்திருந்தன. துணி குளிர்ந்திருந்தது. கல் மட்டும் சூடு.

கையை வெளியே எடுத்தேன். அஜித்தா எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். இடது கையால் மாமியைப் பிடித்திருந்தாள். வலது கை கீழே தொங்கவில்லை. உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி நின்றது. விரல்கள் மூடியிருந்தன. நடையும் மெதுவாக இருந்தது. சின்னக் கால்களுக்கு ஏற்ற மாதிரி...

"அஜி."

"என்ன?"

"கை ஏன் அப்பிடி?"

குனிந்து பார்த்தாள். பிறகு அந்தக் கையைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"குளிருது," என்றாள்.

வீட்டுக்குப் போவோம் என்றேன். மாமி கேட்கவில்லை. டூட்டிங் போனோம். ஆறு மணி ஐந்துக்குத் தோசைக் கடைக்குள் நுழைந்தோம். எங்கள் ஊர்ப் பையன்தான் மேசை காட்டினான்.

"நாலு பேரோ அண்ணை?"

"மூண்டு."

"ஓம் ஓம், பெரியாக்கள் மூண்டு. பிள்ளைக்குத் தனிப் பிளேட் தரட்டோ?"

"எந்தப் பிள்ளை?"

அவன் அஜித்தாவின் பக்கத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். திரும்பவும் அங்கே பார்த்தான். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"சொறி அண்ணை..."

பிறகு அவன் எங்கள் மேசைப் பக்கமே வரவில்லை. தோசையை வேறு ஒருவர் கொண்டுவந்தார். மாமி சட்னியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் எழும்பி வெளியே போனேன். கல்லை எறிந்துவிட வேண்டும். வேறு எதுவும் மனதில் இல்லை.

பைக்குள் கைவிட்டேன்.

கல் இல்லை.

மற்றப் பையிலும் இல்லை. பையை வெளியே இழுத்துப் பார்த்தேன். ஓட்டை இல்லை. உள்துணி மட்டும் இன்னும் சூடாக இருந்தது.

வீட்டு வாசலில் சாவியைப் போடும்போது மாமி கேட்டார்.

"கல்லை விட்டிட்டீங்களோ தம்பி?"

"எங்கேயோ விழுந்திட்டுது மாமி."

"விழுந்தது வேற, விட்டது வேற. போ எண்டு சொல்லி விடோணும். இல்லாட்டி எங்களோட உள்ளுக்கு வந்திடும்." கொட்டாவி விட்டார். "சரி விடுங்கோ, அது ஊர்க் கல்லே? இங்கிலிஸ் கல்லுக்குத் தமிழ் விளங்கப்போகுதோ?"

கதவு திறந்தது. மாமி உள்ளே போனார். அஜித்தா உள்ளே போனாள். போனவள் கதவைச் சாத்தவில்லை. இன்னும் ஒரு ஆள் உள்ளே வருவதற்குக் காத்திருப்பதுபோல், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஏற்கெனவே உள்ளே வந்திருந்தேன்.

ஞாயிறு காலை மாமியோடு நானும் நடக்கப் போனேன். எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். "வாங்கோ காட்டிறன், நல்ல வடிவான பார்க்" என்று முன்னால் நடந்தார். பின் கேட்டைத் தாண்டி, வேலியோரமாக ஒரு சின்ன வழி. பனி மூடியிருந்தது.

"சிலுவை கிலுவை ஒண்டும் இல்லை. சின்னச் சின்னப் பூப்பாத்திதான். காத்தாடி குத்தி, பொம்மை எல்லாம் வைச்சிருக்கினம். பிள்ளையள் விளையாடுற இடமாக்கும்."

மாமிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

அது சேமக்காலை, இறந்தவர்களைப் புதைக்கிற இடம். அதில் குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய மூலை. நாங்கள் அந்த வீட்டில் ஆறு வருடமாக இருக்கிறோம். பிள்ளை இல்லாத எனக்கு அந்தப் பக்கம் போகப் பிடிக்காது. அதனால் மாமிக்குச் சொல்லி வைக்கத் தோன்றவில்லை.

"இதிலதான்," என்று ஒரு பாத்தியைக் காட்டினார். முழங்கை நீளம்கூட இல்லை. மேலே வெள்ளைக் கற்கள் பரப்பியிருந்தன. தலைமாட்டில் சின்னப் பலகை. பெயர் இல்லை. 'குழந்தை' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல். கீழே தேதி.

பிறந்ததற்கும் இறந்ததற்கும் ஒரே தேதி.

மாமியைப் போகவிட்டு நான் மட்டும் நின்றேன். போ என்று சொல்லத்தான் நின்றேன். ஒரு எழுத்துச் சொல். வாய் வரைக்கும் வந்தது. ஒன்பது வருடமாகப் பிள்ளை வேண்டும் என்று கோயில் கோயிலாகக் கேட்டவன் நான். ஒரு பிள்ளையைப் பார்த்துப் போ என்று எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை.

மாமி திங்கட்கிழமை போய்விட்டார். டிசம்பரில் பன்னிரண்டாம் வார ஸ்கேன். அஜித்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஸ்கேன் செய்த பெண் கருவியை நகர்த்தினார். நிறுத்தினார். திரும்ப நகர்த்தினார்.

"உங்களுக்கு முன்பே சொன்னார்களா?" என்றார்.

"எதை?"

திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

இரண்டு.

ஒரு கருவைத்தான் வைத்தார்கள் என்றேன். அது பிரிந்திருக்கும் என்றார். ஏழாம் வாரத்தில் ஒன்றுதானே தெரிந்தது என்றேன். சிலவேளை ஒன்று மற்றதற்குப் பின்னால் மறைந்திருக்கும், நடக்கிறதுதான் என்றார். அஜித்தா சிரித்தாள், அழுதாள், பிறகு சிரித்தாள். இரண்டு துடிப்பும் அறை முழுவதும் கேட்டது. ஒன்றுக்கு ஒன்று குறைவில்லை.

"அண்டைக்குப் பார்த்தது இதில் எது?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "அதை யாராலும் சொல்ல முடியாது," என்றார்.

இப்போது ஏழாம் மாதம். இரண்டும் பெண் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் நல்ல சுகம். அஜித்தா இவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. இரண்டு தொட்டில் வாங்கி, துண்டுகளைப் பொருத்திப் பூட்டி வைத்திருக்கிறேன். பூட்டும்போது எனக்குச் சந்தோசமும் வரவில்லை, பயமும் வரவில்லை.

நேற்று அவள் பெயர் கேட்டாள். ஒன்பது வருடமாக ஒரு பெயரை மனதில் வைத்திருக்கிறேன். என் பிள்ளைக்கென்று வைத்திருந்த பெயர் அது ஒன்றுதான்.

அதை இவர்களில் யாருக்கு வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.