வெளியே தொங்கிய திரை

திரையக்காவை யாராவது கஞ்சம் என்று சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கஞ்சம் என்றால் இருப்பதைச் செலவழிக்காதவள். அக்கா வீட்டில் கோடையில் இருப்பதே பாதிதான். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பள்ளிக்கு விடுமுறை விட்டால் வேனுக்கும் விடுமுறை, சம்பளத்துக்கும் விடுமுறை. வரவு படுத்துக்கொள்கிற அதே மாதங்களில்தான் கரண்ட் பில் எழுந்து நின்று ஆடும். அக்கா ஜன்னல் திரை தைக்கிறவள். சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளில் அவள் கைபட்ட திரைதான் தொங்குகிறது. தன் சின்னக் கடையில் அவள் மிதிக்கிற ஒரே தையல் மெஷினில்தான் கோடை முழுக்கக் குடும்பம் ஓடியாக வேண்டும்.

அதற்கு அவளிடம் சட்டதிட்டங்கள் உண்டு. வெயில் ஏறுமுன் சமையல் முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் அடுப்பு எரிந்தால், "வெளியே எரியற சூரியன் பத்தலையா?" என்பாள். ஃபிரிட்ஜைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறாள். அதற்கும் மூச்சுவிட இடம் வேண்டுமாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கிற கணவரை, "உள்ளே என்ன சினிமாவா ஓடுது? என்ன வேணும்னு யோசிச்சுட்டு வந்து திறங்க" என்று விரட்டுவாள். ஃபேன் இறக்கையில் தூசி சேரவிட மாட்டாள். இப்படித்தான் எத்தனையோ கோடைகளைத் தாண்டியிருக்கிறாள். யாரிடமும் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றதில்லை.

இந்தக் கோடைக்கு மகள் வந்திருந்தாள், நிறைமாத வயிற்றோடு. பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று அவளே ஆசைப்பட்டுக் கிளம்பி வந்தாள். மாப்பிள்ளை அரைமனதோடுதான் கொண்டுவந்து விட்டார். அவர் வீட்டில் ஏசி உண்டு. இங்கேயோ மாடி வீடு. தலைக்கு மேலே மொட்டை மாடி, மேற்கே ஆளுயர ஜன்னல்.

"சூடு தாங்கலைன்னா ஒரு போன் பண்ணு. உடனே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வார்த்தை அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. கல்யாணத்துக்குப் பிறகு மகள் அவளுக்கென்று கிடைத்த நாட்கள் இவைதான். இதை வெயிலிடமா விட்டுக்கொடுப்பது?

"ஏசியாவது கீசியாவது! ஜன்னலைப் பத்தி என்கிட்டயா பேசறார்?" என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். கடையில் இருந்ததிலேயே கனமான துணியை எடுத்து, கறுப்பு உள்துணி வைத்து இரட்டையாகத் தைத்து, மேற்கு ஜன்னலுக்கு மாட்டினாள். பொட்டு வெளிச்சம் நுழையவில்லை. மடிப்புகூட அத்தனை அழகாக விழுந்திருந்தது. ஆனால் அறை வெந்நீர் அண்டா மாதிரிக் கொதித்தது. சரி என்று உள்ளே ஈரத்துணியைத் தொங்கவிட்டாள். வெக்கையோடு பிசுபிசுப்பும் சேர்ந்துகொண்டது.

ஒரு மதியம் மகள் பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு. கண்ணில் தண்ணீர்.

"கோவிச்சுக்காதம்மா. என்னால முடியல. மூச்சு முட்டுது. அவருக்குப் போன் பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை வர்றார்."

வாயடைத்து நிற்கிற மனைவியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்த கணவர் பயந்தே போனார்.

மறுநாள் கடையில் அவளுக்கு வேலையே ஓடவில்லை. அந்தக் கடையும் மேற்குப் பார்த்ததுதான். ஷோகேஸ் கண்ணாடிக்கு உள்ளே மாதிரிக்குத் தொங்கிய திரையைக் கழற்றப் போனாள். திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே கை நுழைந்ததுதான் தாமதம், சுளீரென்று சுட்டது. பக்கத்தில் இருந்த வாசல் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். அது சுடவில்லை. ஏன் என்று தலையை வெளியே நீட்டினாள். வாசலுக்கு மேலே, அவளே எப்போதோ தைத்துக் கட்டிய பழைய முரட்டுக் கித்தான் துணி நிழல் போட்டுக்கொண்டிருந்தது.

"அட என் புத்தியே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "திருடனை உள்ளே விட்டுட்டுல்ல கதவைச் சாத்தியிருக்கேன்!"

வேறு யாராக இருந்தாலும் ஒரு பழைய போர்வையை ஜன்னலுக்கு வெளியே கட்டிப் பார்த்திருப்பார்கள். காலமெல்லாம் திரையை அறைக்குள்ளேயே தொங்கவிட்டுப் பழகிய இவளுக்கு அது தோன்றவே இல்லை. கெட்டிக்காரிகள் சறுக்குகிற இடமே தனி!

அப்புறம் அவளைப் பிடிக்க முடியுமா? மிச்சம் கிடந்த வெளிர்நிறக் கித்தான் துண்டுகளை ஒட்டுப் போட்டுத் தைத்து, கயிறு கோக்க ஓரத்தில் வளையம் அடித்தாள். ஜன்னலுக்கு வெளியே மேலே கட்டி, அடிப்பக்கத்தை பால்கனிக் கம்பிவரை சரிவாக இழுத்து, நடுவே காற்று நடமாட இடம் விட்டாள். விடியற்காலையில் ஜன்னல்களைத் திறந்து போட்டாள். வெயில் ஏறியதும் மூடினாள். "வேன் சும்மா நிக்கலாம், நீங்க நிக்கக்கூடாது" என்று கணவரை மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க அனுப்பினாள். வீட்டுக்குச் சொந்தக்காரரான கீழ்வீட்டுப் பெரியவரிடம் அனுமதி கேட்டதற்கு, "சுண்ணாம்பு உங்களுது, கையும் உங்களுது. எனக்கு என்ன நோகுது? நல்லா அடிங்க!" என்றார்.

எதிர்வீட்டுக்காரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன திரையக்கா, வீட்டுக்கே முக்காடு போட்டாச்சா?"

"ஆமாண்டி! வெயில் எட்டிப் பார்க்க வெட்கப்படட்டும்னு போட்டேன்."

சனிக்கிழமை மதியம் மகள் அசந்து தூங்கினாள். ஆனாலும் எழுந்ததும் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள். "ஒரு நாள் தூங்கிட்டேன்னு எப்படிம்மா இருந்துடறது? அவர் பாவம், கிடைக்கிற ஒரு நாள் லீவையும் விட்டுட்டு வர்றார்" என்றாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக் கொடுத்தாள். போகாதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. கெஞ்சிப் பழக்கமில்லாத நாக்கு அது.

ஞாயிறு உச்சிவெயிலில் மாப்பிள்ளை படியேறி வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பானைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மேற்கு அறையில் பாயில் கால் நீட்டினார்.

"ரெண்டு நிமிஷம் அத்தை. கிளம்பிடலாம்."

அதோடு சரி. அடுத்து வந்தது குறட்டைதான். பெட்டி வாசலில் நின்றது, மகள் அதன் பக்கத்தில் நின்றாள், அவர் தூங்கினார். எழுப்பப் போன மாமனாரை அக்கா கண்ணாலேயே உட்கார வைத்தாள். வெயில் சாய்ந்து, தெருவில் பிள்ளைகள் விளையாட வந்த பிறகுதான் மாப்பிள்ளைக்கு விழிப்பு வந்தது. திருதிருவென்று சுவரைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏசியை எங்கே மாட்டியிருக்கீங்க அத்தை?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா ஜன்னலைத் திறந்து காட்டினாள். "வெளியே தொங்குது, பாருங்க மாப்பிள்ளை."

அவர் எட்டிப் பார்த்தார். கித்தானைத் தொட்டார், கண்ணாடியைத் தொட்டார். மனைவி முகத்தையும் பார்த்தார். கழுத்தில் வேர்க்குரு அடங்கியிருந்தது.

"போகணுமா?" என்று மெல்லக் கேட்டார்.

"நீங்க கூப்பிட்டா வர்றேன். ஆனா எனக்கு இங்கேதான் இருக்கணும்" என்றாள் அவள்.

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "அத்தை, எங்க வீட்டு ஜன்னலுக்கும் இப்படி ஒண்ணு தைச்சுத் தர்றீங்களா? பில் கட்டி மாளல."

"பேஷா தைக்கலாம். ஆனா நேர்ல வந்து அளவெடுக்காம நான் துணியில கத்திரி வைக்கிறதில்ல" என்றாள் அக்கா. "என் பேரப்பிள்ளையைத் தூக்கிட்டு, உங்க பொண்டாட்டியையும் கூட்டிட்டு வருவேன்ல, அன்னிக்கு எடுத்துக்கறேன்."

மாப்பிள்ளை எழுந்துபோய், வாசலில் இருந்த பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்.