கீழே போவதும் மேலே இருப்பதும்

காலை ரயிலில் உட்கார இடம் கிடைத்ததே நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். ராபர்ட்சன்பேட்டையில் நான் வேலை பார்த்த துணிக்கடையை மூடி எட்டு மாதம். வீட்டில் சும்மா உட்கார்ந்து எனக்கே என்மேல் எரிச்சல் வந்திருந்தது. பெங்களூரில் படங்களை வகைப்படுத்தும் வேலை. அது கிடைத்தே ஆக வேண்டும். அவர்கள் அனுப்பிய கடிதத்தில் ‘கிளாஸிஃபை’ என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது. வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு போனேன். அடுக்கி வைத்தால் போதாது. சும்மா பிரித்தாலும் போதாது. ஒரு காரணத்தை வைத்துப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் பெயர் சொல்ல வேண்டும். எந்தப் பொருளும் இரண்டு பிரிவில் விழக்கூடாது. புரிந்துவிட்டது என்று ஒரே குஷி எனக்கு.

தேர்வில் பத்துப் படங்கள் வந்தன. பூட்ஸ், டிபன் பாக்ஸ், குடை, சோப்பு, கோலமாவு டப்பா என்று இப்படி. கடகடவென்று இரண்டாகப் பிரித்து ‘கீழே போவது’, ‘மேலே இருப்பது’ என்று தட்டி அனுப்பிவிட்டேன். பிறகுதான் பக்கத்துப் பெண்ணின் திரையைப் பார்த்தேன். சமையல், உடை, கருவி என்று போட்டிருந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நேர்காணல் செய்த அம்மாள் சிரிக்காமல் கேட்டார்.

“கீழேன்னா எங்கம்மா?”

“மைனுக்குள்ளங்க.”

ஸ்கெலட்டன் என்கிற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் வீடு. அதில் இரண்டே அலமாரிகள். ஒன்று முழுக்க, அப்பா ஷிப்டுக்குச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் சாமான்கள். பள்ளிச் சுற்றுலாவுக்குக் கேட்டால்கூட அந்த டிபன் பாக்ஸை அம்மா தரமாட்டாள். கீழே போகிற பொருளுக்கு மேலே வேலை இல்லை. சுரங்கம் மூடிய பிறகும் அந்த அலமாரியில் வேறு எதையும் வைத்ததில்லை. இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன்.

“குடை?”

“மேலங்க. கீழ மழை பெய்யாதே.”

“சோப்பு?”

“மேலதாங்க. ஏறி வந்தப்புறம்தானே குளியல்.”

பத்தையும் கேட்டார். ஒன்றில்கூட நான் தடுமாறவில்லை.

“எதை வச்சுப் பிரிச்சோம்னு தெரிஞ்ச ஆள்தான் எங்களுக்கு வேணும். பேரை மட்டும் எல்லாருக்கும் புரியற மாதிரி வை. திங்கட்கிழமை வந்துடு.”

படியிறங்கும்போதே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“இன்னா ஆச்சி?”

“கெடச்சிடுச்சி நைனா,” என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

“என்னிய எந்தப் பக்கம் போட்டே?”

“நீ படத்துலயே இல்ல நைனா.”

“இருந்தா?”

“மேல. நீதான் ஏறி வந்துட்டியே,” என்றேன். யோசிக்கவே இல்லை.