ஐந்து சுற்று முடியும்வரை

2016ஆம் ஆண்டு, குளிர் தொடங்கியிருந்த நேரம். பாரிஸ் லா ஷப்பலில், மகளின் பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவிலுள்ள ஒரு லவறியில் இது நடந்தது. லவறி என்றால், காசு போட்டு உடுப்புத் துவைக்கிற கடை. அதற்குள் நான் எப்படி இருந்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். எனக்குப் பெருமை தரும் கதை இல்லை.

நான் அப்போது ஒரு உணவகத்தில் சமையல் வேலை. மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு விட்டால், திரும்ப ஆறரைக்குத்தான் வேலை. இந்த இடைவெளியை இங்கே கூப்பூர் என்பார்கள். மனைவிக்கு ஒபர்வில்லியேயில் ஒரு மொத்தக் கடையில் வேலை, வீடு வர ஆறாகும். ஆகவே நாலரைக்கு மகளைக் கூட்டிவருவது என் பொறுப்பு. குடும்பத்தில் என் தலையில் இருந்த ஒரே ஒரு பொறுப்பும் அதுதான் என்று மனைவி சொல்லுவாள். அதில் பொய்யில்லை.

கூப்பூரில் பொழுது போக, கூட வேலை செய்கிற ஒருவர் என் போனில் ஒரு ஸ்லொட் விளையாட்டைப் போட்டுத் தந்தார். பணம் கிடையாது. சும்மா கொடுக்கிற நாணயங்கள்தான், முடிந்தால் நாளைக்கு மறுபடி தருவார்கள். அதனால் ‘நான் என்ன சூதாடுகிறேனா?’ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்பேன். படங்கள் சுழன்று நிற்கும். அதில் வைல்ட் என்று ஒரு மயில் வரும். மயில் எந்தப் படத்துக்கும் பதிலாக நிற்கும், அதன் மார்பில் இரண்டு, மூன்று, ஐந்து என்று எழுதியிருந்தால் கிடைப்பது அத்தனை மடங்காகும். மூன்று மணிப் படங்கள் ஒன்றாக விழுந்தால் போனஸ். அந்தப் போனஸை நாமே தெரிவுசெய்ய வேண்டும்: இருபது சுற்றும் சின்ன மடங்கும், பத்துச் சுற்றும் நடுத்தர மடங்கும், ஐந்தே சுற்றும் பெரிய மடங்கும். மகளுக்குச் சப்பாத்து வாங்கக்கூட நான் அவ்வளவு யோசித்ததில்லை.

அன்று உடுப்பை மெஷினில் போட்டுவிட்டு அதன் முன்னால் குந்தியிருந்தேன். நாலே காலுக்கு வைத்த அலாரம் அடித்தது, நிறுத்தினேன். உடனே மூன்று மணிப் படங்களும் ஒன்றாக விழுந்தன. நான்கு நாளாகக் காத்திருந்த போனஸ். பிள்ளையாரை நினைத்து, கண்ணை மூடி, ஐந்து சுற்றில் விரலை வைத்தேன். இப்படிப்பட்ட விஷயத்துக்கெல்லாம் பிள்ளையாரைக் கூப்பிட்ட ஆள் நான். நடுவில் மணிகள் மறுபடி விழ, சுற்றுகள் கூடிக்கொண்டே போயின. முடிந்து தலையை நிமிர்த்தினால் நேரம் நாலு ஐம்பத்திரண்டு.

பையைக்கூட எடுக்காமல் ஓடினேன். பள்ளிக்கூட வாசலில் ஒரு பிள்ளையும் இல்லை. வாசலைப் பார்க்கிற பெண் சாவியோடு நின்றார். எல்லோரும் போய்விட்டார்களா என்று கேட்டேன். ஓம், ஏதும் பிரச்சினையா என்று கேட்டார்.

என் மகளைக் காணவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் வேலைத்தலத்தில் கதைக்கிற கதைகள் எல்லாம் அந்த நேரம் பார்த்து வந்து நின்றன. பிள்ளையைப் பார்க்கத் தெரியாதவர்கள் என்று பள்ளிக்கூடம் எழுதிப்போட்டால் பிள்ளைகள் நலன் பார்க்கிற சோசியல்காரர் வீட்டுக்கு வருவார்கள், பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று எங்கள் ஆட்கள் சொல்லிச் சொல்லியே பயந்துபோய் இருக்கிறோம். ‘பிரச்சினை இல்லை, மனைவியின் தங்கை கூட்டிக்கொண்டு போயிருப்பா’ என்று சொன்னேன். மனைவிக்குத் தங்கையே இல்லை. அந்தப் பெண் தலையாட்டிவிட்டுக் கதவைப் பூட்டினார். எனக்கு உதவி செய்யக்கூடிய ஒரே ஆளை நானே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

பிறகு ஓட்டம்தான். வீட்டுப் படிகளில் பார்த்தேன், இல்லை. பூங்காவில் இல்லை. மழை வேறு தூறத் தொடங்கி, இருட்டிக்கொண்டு வந்தது. மெத்ரோப் பாலத்துக்குக் கீழே போகிற வருகிற ஒவ்வொரு சின்னப் பிள்ளையின் முகத்தையும் குனிந்து பார்த்தேன். ஒரு தாய் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். ஸ்டாலின்கிராட் பக்கம் வாய்க்கால் இருப்பது ஞாபகம் வந்தது. அங்கேயும் ஓடி, கறுத்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு வயது. நீந்தத் தெரியாது.

மனைவிக்குச் சொல்லத்தான் வேண்டும் என்று போனை எடுத்தால், அது செத்துக் கிடந்தது. விளையாட்டு மின்கலத்தைக் குடித்து முடித்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அப்படி நினைத்ததற்காகப் பிறகு என்னையே வெறுத்தேன்.

இனிப் பொலிஸ்தான் என்று முடிவெடுத்தேன். ஆனால் இந்த நாட்டில் இருக்க அனுமதி தரும் விசா அட்டை இல்லாமல் பொலிஸுக்குப் போக எனக்குத் தைரியமில்லை. அட்டை பையில், பை லவறியில். அதற்காகத்தான் திரும்பிப் போனேன். மகளைத் தேடி அங்கே போகவில்லை. நான் இருந்த இடத்தில் என்னத்தைத் தேடுவது?

கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். பின்பக்கம் உட்காரப் போட்டிருந்த வாங்கில், என் பையை மடியில் வைத்துக்கொண்டு மகள் இருந்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், மடித்த உடுப்புக் கூடையோடு. பேச்சில் பாண்டிச்சேரிக்காரர் என்று தெரிந்தது. அவருடைய உடுப்பு எப்போதோ காய்ந்துவிட்டதாம். பிள்ளை தனியாக இருக்கிறாளே என்று போகாமல் இருந்திருக்கிறார். பள்ளிக்கூடக் கொப்பியில் இருந்த என் நம்பருக்குப் பல தடவை எடுத்தும் பார்த்திருக்கிறார். “உங்க பொண்ணுதானா? எங்க கூப்பிட்டாலும் அசையமாட்டேன்னுடுச்சு. அப்பா வெயிட் பண்ணச் சொன்னாருன்னே சொல்லுது” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. முழங்காலிட்டு மகளின் கையைப் பிடித்து, எப்ப இஞ்சை வந்தனீ என்று கேட்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நிற்காததால், தோழியின் தாயோடு இந்த வழியால் நடந்து வந்திருக்கிறாள். கண்ணாடிக்குள்ளால் என்னைக் கண்டு, அவர்களுக்குக் கைகாட்டிவிட்டு உள்ளே வந்திருக்கிறாள். வழக்கமாக எனக்குப் பிரெஞ்சில்தான் பதில் சொல்கிறவள், அன்று தமிழில் சொன்னாள்.

“நான் உங்களைக் கூப்பிட்டனான் அப்பா. நீங்கள் பொறம்மா எண்டு சொன்னீங்கள். நான் பொறுத்துக்கொண்டு இருக்கிறன்.”

நான் எழும்பி ஓடும்போதும் அவள் என் முதுகுக்குப் பின்னால் அந்த வாங்கில்தான் இருந்திருக்கிறாள். நான் ஏதோ அவசரமாகப் போய் வருவேன் என்று நினைத்தாளாம். கோபப்படவுமில்லை, அழவுமில்லை. அழுதது நான்தான். அந்த அம்மா கூடையிலிருந்து காய்ந்த துவாய் ஒன்றை எடுத்து என் நனைந்த தலையில் போட்டார். அவருக்கு ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பள்ளிக்கூடத்தில் சொன்ன பொய்யையும் சேர்த்து. அவள் கத்தவில்லை. அடுத்த நாள் வாசலில் நின்ற பெண்ணிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். சோசியல்காரர் ஒருவரும் வரவில்லை. ‘நேற்றே சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து தேடியிருப்பேனே’ என்றுதான் அவர் சொன்னார்.

மகள் இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். அவளுக்கு அந்த நாள் அவ்வளவாக ஞாபகமில்லை. அந்த ஐந்து சுற்றில் எந்த மயில் எங்கே விழுந்தது, அதன் மார்பில் என்ன எண் இருந்தது என்று என்னால் இன்றும் சொல்ல முடியும். எனக்குப் பக்கத்தில் நின்று அப்பா என்று கூப்பிட்ட என் பிள்ளையின் குரல் மட்டும், எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும், எனக்குக் கேட்பதில்லை.