நாவுலக்குப் போகும் வழியில் ஒரு கெமரா

லைசென்ஸ் கைக்கு வந்து சில மாதங்கள் ஆகியும் நான் மாத்தளை டவுனைத் தாண்டிக் கார் ஓட்டியதில்லை. பள்ளிக்கூடம், சந்தை, கோயில், வீடு. அவ்வளவுதான். போன விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, முதன்முறையாகத் தம்புள்ளை வரைக்கும் ஓட்டிப் போனேன்.

காரணம் பக்கத்து வீட்டு ஃபரீதா. அவளுடைய நானா, அதாவது மூத்த அண்ணன், தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறார். நீண்ட காலம் குழந்தை இல்லாமல் இருந்த அவருக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று ஃபரீதா கேட்டாள். “பஸ் எதுக்கு? நானே ஓட்டுறேன்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

என் கணவர் டோஹாவில் வேலை செய்கிறார். அங்கே கம்பெனி வேன் ஓட்டி, வேகக் கெமராவில் இரண்டு முறை மாட்டியவர். விஷயத்தைச் சொன்னதும் வீடியோ அழைப்பிலேயே ஒரு வழிகாட்டிச் செயலியை என் ஃபோனில் போடவைத்தார். “எங்க கெமரா இருக்குன்னு இது முன்னாடியே சொல்லிடும். நீ ரோட்ட மட்டும் பாத்தா போதும்” என்றார். கூடவே, “ஏதாச்சும் ஆச்சுன்னா கார வித்துடுவேன், சொல்லிட்டேன்” என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் அப்படிச் சிரித்துக்கொண்டு சொன்ன பலதைச் செய்திருக்கிறார்.

என்னைப் போலப் புதிதாக ஓட்டப் பழகியவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உதவுமா என்பது எனக்கே சந்தேகம்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். பெட்ரோல் முதல் நாளே அடித்திருந்தேன். ஃபோனை முன் கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவைத்திருந்தோம். பலாபத்வலையை நெருங்கும்போது ‘டிங்’ என்று ஒரு மணியடித்து, ஒரு பெண் குரல் “முன்னால் வேகக் கெமரா” என்றது. ஏற்கெனவே நாற்பத்தைந்தில்தான் போய்க்கொண்டிருந்தேன். பயத்தில் இருபத்தைந்துக்கு இறக்கினேன். பின்னால் வந்த முச்சக்கர வண்டிக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே முந்திப் போனார்.

“எங்க ஈக்கிது கெமரா?” என்று ஃபரீதா ஜன்னலால் தலையை நீட்டித் தேடினாள். லைட் கம்பங்களில் ஒன்றும் இல்லை. ஒரு ஹார்ட்வெயார் கடையின் கூரையில் மட்டும் சின்னதாக ஒன்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அது கடைக்காரர் கள்ளனப் பிடிக்க வச்சது டீச்சர்.”

“அதையும் சேத்துத்தான் சொல்லுதா?”

“எனக்கென்ன தெரியும்? ஃபோன் உங்கட.”

இன்னும் கொஞ்ச தூரத்தில் எதிரே வந்த ஒரு பஸ் எங்களைப் பார்த்து இரண்டு முறை லைட் அடித்தது. கதவு சரியாக மூடவில்லையோ, சக்கரத்தில் காற்று இல்லையோ என்று நான் பதறினேன். ஃபரீதாதான் சொன்னாள்: “முன்னுக்குப் பொலிஸ் நிக்கிறாங்க. அதத்தான் சொல்லிட்டுப் போறாங்க.” ஃபோன் மூச்சு விடவில்லை. ஆனால் வளைவைத் தாண்டியதும், ஒரு மரத்தடியில் பொலிஸ்காரர் ஒருவர் வேகம் அளக்கும் கருவியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தபடி நின்றார். நான் ஒழுங்கான வேகத்தில் போனதால் கை காட்டவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இல்லாத கெமராவுக்கு ஃபோன் மணியடிக்கிறது. இருக்கிற பொலிஸைச் சொல்லவில்லை. நாளுக்கு ஒரு மரத்தடியில் நிற்கிறவரை வரைபடத்தில் எப்படிக் குறிப்பது என்று யோசித்தால் அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அப்படியானால் மணியடிப்பதை நம்புவதா, பஸ் லைட்டை நம்புவதா? நான் இரண்டையும் நம்பினேன். அதுதான் பிழையாய்ப் போனது.

நாலந்தாவைத் தாண்டியதும் ரோடு நேராகிவிட்டது. அறுபதில் போனேன். ஃபரீதா குழந்தைக்கு வாங்கிய குட்டிச் சட்டையை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாவுலக்கு முன்னால் ஒரு வளைவு வருகிறது. அதில் பாதி திரும்பியபோது மறுபடி ‘டிங்’. “முன்னால் வேகக் கெமரா.”

என் கால் தானாகப் பிரேக்கில் போய் அழுந்தியது. அடுத்த கணம் பின்னால் ஒரு நீண்ட ஹோர்ன், டயர் தேயும் சத்தம். கண்ணாடி முழுக்க ஒரு லொறியின் முகம். “யா அல்லாஹ்!” என்று ஃபரீதா என் தோளைப் பிடித்தாள். லொறி எங்கள் இடது பக்கமாக உரசிக்கொண்டு போவதுபோலப் போய், மண் ஓரத்தில் இறங்கி, சாய்ந்து நின்றது. மேலேயிருந்து நான்கைந்து மூட்டைகள் விழுந்தன. ஒன்று வெடித்துக் கரட் கிழங்குகள் ரோட்டில் உருண்டன.

யாருக்கும் அடி இல்லை. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

லொறிக்காரர் இறங்கி வந்தார். நுவரெலியாப் பக்கத்துத் தமிழர், பெயர் கணேசன் என்று பிறகு தெரிந்தது. அவருடைய உதடு நடுங்கியது. “என்னங்க இது? வளைவுல வச்சு நிப்பாட்டுறீங்க? கொஞ்சம் பிந்தியிருந்தா ரெண்டு பேரும் இருந்திருக்க மாட்டீங்க!”

காரை ஓரமாக்கிவிட்டு இறங்கினேன். ஃபோனைக் கழற்றிக் காட்டினேன். “கெமரான்னு சொல்லிச்சு…”

“கெமராவா? இங்கயா? வாரா வாரம் வர்றேங்க இந்த ரோட்டுல. குரங்குதான் இருக்கு. கெமரா எங்க இருக்கு?”

அப்போதுதான் ரோட்டோரம் அவித்த சோளம் விற்கும் கடையிலிருந்து ஒருவர் தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். பெயர் சோமபால. சிங்களத்தில்தான் பேசினோம்; அவர் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன். தண்ணீரை என் கையில் கொடுத்துவிட்டு, ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“அந்தக் கெமரா நான் வைத்ததுதான், மிஸ்.”

எங்கள் மூன்று பேருக்குமே விளங்கவில்லை. அவர் விளக்கினார். கடை ரோட்டின் ஒரு பக்கம், தண்ணீர்க் கிணறு மறுபக்கம். வளைவில் வேகமாக வந்த ஒரு வேன் அவரை அடித்துப் போட்டது. காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் அவருடைய மனைவி நாளுக்குப் பலமுறை குடத்தோடு அந்த ரோட்டைக் கடக்கிறார். ஒருநாள் சோளம் சாப்பிட வந்த பயணி ஒருவர், இந்தச் செயலியில் யார் வேண்டுமானாலும் கெமரா என்று குறித்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். சோமபால தன் ஃபோனிலும், மனைவியின் ஃபோனிலும், பக்கத்து வீட்டார் ஃபோன்களிலும் குறிக்கச் செய்திருக்கிறார்.

“அதற்குப் பிறகு கார்கள் மெதுவாகப் போகின்றன. கண்ணால் பார்க்கிறேன்” என்றார்.

கணேசனும் சிங்களத்துக்கு மாறினார். “கார் மெதுவாகும் அண்ணே. என் லொறியில் அந்த ஃபோன் இல்லை. முன்னால் போகிறவர் எதற்கு நிற்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? இன்றைக்கு இந்த இரண்டு பேரையும் நான் கொன்றிருந்தால்?”

சோமபாலவின் மனைவி கடைக்குள்ளிருந்து வந்து, உருண்டு கிடந்த கரட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். நாங்களும் குனிந்து பொறுக்கினோம். பொறுக்கும்போது அந்த அம்மா தலை நிமிராமல், “அந்தக் கெமராவை எடுத்துவிடாதீர்கள்” என்று மட்டும் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து என் ஃபோன் திரையில் ஒரு கேள்வி வந்தது. கெமரா இன்னும் இருக்கிறதா? ஆம். இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளைகளின் கொப்பியில் சரி, பிழை போடுவது என் தொழில். ‘இல்லை’ என்பதுதான் உண்மை. ஆனால் அந்தக் குடத்தை நினைத்தேன். ‘ஆம்’ என்று அழுத்தலாமா என்றால் கணேசனின் நடுங்கும் உதடு தெரிந்தது. விரலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். நான் ஒன்றையும் அழுத்தும் முன்னமே கேள்வி தானாக மறைந்துவிட்டது.

ஃபரீதாதான் பேசினாள். “வளைவுல வச்சதுதானே பிழை? அதுக்கு முன்னுக்கு, நேர் ரோட்டுல வைப்பமே. பின்னால வாறவங்களுக்கும் விளங்கும்.”

கணேசன் வளைவைத் திரும்பிப் பார்த்தார். “நேர் ரோட்டுன்னா பரவால்லங்க. பிரேக் லைட்டு தூரத்துலயே தெரியும்” என்றார். சோமபாலவிடம் சிங்களத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஃபரீதாவும் கணேசனும் நானும் வந்த வழியே நடந்து, நேர் ரோடு தொடங்கும் இடத்துக்குப் போனோம். அங்கே வயலும் ஒரு மின்கம்பமும் தவிர ஒன்றும் இல்லை. நான் ஃபோனை எடுத்து, ‘கெமரா’ என்று குறித்தேன். பொய்தான். என் விரலால் போட்ட பொய். மறுபக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கும் அப்படி ஒன்று வைப்பதாகச் சோமபால ஒத்துக்கொண்டார். ஃபோனில் அந்தக் கேள்வி மறுபடி வராததால், வளைவில் இருப்பதை எப்படி எடுப்பது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. எடுக்கத்தான் வேண்டுமா என்றும் யாரும் கேட்கவில்லை.

சோமபாலவின் மனைவி எங்களுக்குச் சோளம் தந்தார்; காசு வாங்கவில்லை. கணேசன் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு புறப்படும்போது, “முன்னுக்கு நீங்க போங்கக்கா. நான் தள்ளி வர்றேன்” என்றார். தம்புள்ளை வரைக்கும் அவருடைய லொறி தூரத்தில் கண்ணாடியில் தெரிந்துகொண்டே வந்தது.

ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். “வழியில ஒண்டும் பிரச்சினை இல்லையே?” என்று நானா கேட்டார். “ஒண்டுமில்ல நானா” என்றாள் ஃபரீதா, என்னைப் பார்க்காமல். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். என் முழங்கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. தாலாட்டுகிறேன் என்று நினைத்துக் குழந்தை தூங்கிவிட்டது.

இந்த வழியில் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். காலையில் மரக்கறி லொறிகள் அதிகம்; ஏழு மணிக்கு முன்னால் புறப்படுங்கள், அல்லது பத்துக்குப் பிறகு. ஊர்களுக்குள் ஐம்பதைத் தாண்டாதீர்கள். தாண்டாவிட்டால் கெமராவும் வேண்டாம், பஸ் லைட்டும் வேண்டாம். ஃபோன் மணியடித்தால் முதலில் பார்க்க வேண்டியது பின் கண்ணாடியை. பிறகு மெதுவாகக் காலை எடுங்கள், பிரேக்கில் குதிக்காதீர்கள். செயலியை நம்பலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். அதில் இருக்கும் கெமராக்களில் ஒன்று நான் வைத்தது.

மாலையில் திரும்பும்போது ஃபோனை அணைத்துப் பையில் போட்டேன். வளைவு வந்தது. சோமபாலவின் மனைவி குடத்தோடு ரோட்டோரம் நின்றிருந்தார். நான் நன்றாக முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, பின்னால் பார்த்து, நிறுத்தினேன். அவர் எங்களை அடையாளம் கண்டாரா என்று தெரியவில்லை. ஒரு கையை உயர்த்தினார். நன்றியா, ‘அங்கேயே நில்’ என்பதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் கடந்து முடியும்வரை நான் நின்றேன். எனக்குப் பின்னால் வந்த பஸ்ஸும் நின்றது.