மீனும் மரச்சீனியும் நின்ற தேர்தல்

ஓய்வு பெற்றவன் சும்மா இருக்கிறான் என்பது ஊரின் பொதுக்கருத்து. நான் இதை மறுத்து எழுத்துமூலம் எதுவும் கொடுத்ததில்லை. அதனால்தான் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை குடையும் கையுமாக என் வீட்டுக்கு வந்தார்.

"சார், கலெக்டர் ஆபீஸ்ல இருந்து எத்தன எலக்சன் நடத்தியிருக்கிய. எங்க பிள்ளியளுக்கு ஒண்ணு நடத்தித் தரணும்."

"என்ன பதவிக்கு?"

"ஸ்கூல் லீடருக்கு. வருசா வருசம் நான்தான் சொல்லுவேன். போன வருசம் நான் ஆளு பாத்துச் சொன்னேன்னு ஒரு பேச்சு. இந்த வருசம் அதுகளே போட்டுத் தீத்துக்கிடட்டு."

பள்ளி மணவாளக்குறிச்சியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளித் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. ஐந்து வகுப்புகள், மூன்று ஆசிரியைகள், நாற்பது சொச்சம் பிள்ளைகள். நான் பணிக்காலத்தில் பெரும்பகுதியைத் தேர்தல் பிரிவில் கழித்தவன். வாக்குச்சாவடிச் சாய்தளத்தின் சரிவு முதல் அரக்கு முத்திரை வைக்கும் இடம் வரை எல்லாம் தெரியும். ஆனால் பத்து வயதுக்கு உட்பட்ட வாக்காளரை நான் பார்த்ததில்லை. அவர்கள் எதை வைத்து ஓட்டுப் போடுவார்கள் என்று அறிய ஆசையாக இருந்தது. பெரியவர்கள் எதை வைத்துப் போடுகிறார்கள் என்பதை அறிந்து கொண்டதில் எனக்கு ஏற்கெனவே போதுமான வருத்தம் உண்டு.

திங்கட்கிழமை வேட்புமனு. நான் போனபோது காலை உணவு நடந்து கொண்டிருந்தது. தட்டில் ரவை கிச்சடி, சுவரோரம் ஈரக்குடைகள், வாசலில் ஒரு செருப்புக் குவியல். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்தக் குவியலை எல்லாம் ஜோடி சேர்த்து அடுக்கிக் கொண்டிருந்தான். யாரும் சொல்லிச் செய்ததல்ல. ஒரு செருப்புக்கு மட்டும் ஜோடி கிடைக்கவில்லை. அதைப் பக்கத்து ஜோடிக்கு நடுவில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். இந்த வயதில் மனிதர்கள் என்னதான் நினைக்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

இரண்டு மனுக்கள் வந்தன. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன். அப்பா கடலுக்குப் போகிறவர். பையன் நடக்கும்போதே காலில் ஒரு பந்து இருப்பது போலத்தான் நடப்பான். அதே வகுப்புப் பெண் ஒருத்தி. ஒல்லி, இரட்டைச் சடை, முழங்காலில் எப்போதும் ஒரு சிராய்ப்பு. எதற்காகப் போட்டியிடுகிறாய் என்று வேட்பாளரைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. இருந்தாலும் கேட்டேன்.

"பந்துக்கு" என்றாள் அவள்.

"என்ன பந்து?"

"ஃபுட்பால். பந்து அலமாரிக்கு உள்ள கெடக்கு. தாக்கோல் லீடருக்க கையில. லீடரு எப்பவும் பையன். இன்டர்வெல் விட்டா பையன்மாரு எடுத்துட்டு ஓடிருவினும். எங்களுக்கு ஒரு நாளும் கிட்டாது."

பையன் பக்கத்திலேயே நின்றான். "ஒங்களுக்கு ஸ்கிப்பிங் கயிறு உண்டும்லா ஏட்டி."

"கயிற நீ சாடு."

நாற்பது பேருக்கு ஒரே ஒரு கால்பந்து. அதை வைத்திருக்கும் அலமாரியின் சாவிதான் அங்கே அதிகாரம் என்பது. எத்தனையோ கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளை நான் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒன்றைக் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை சின்னம் ஒதுக்கினேன். அவள் பந்து கேட்டாள். பந்துதான் வழக்கே என்பதால் மறுத்துவிட்டேன். பிள்ளைகள் சொன்ன மற்ற சின்னங்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு கட்சி ஏற்கெனவே எடுத்துக் கொண்டவை. இந்த நாட்டில் ஒரு பூவையோ இலையையோ நிம்மதியாக வரைய முடியாது. கடைசியில் பையன் மீன் எடுத்தான். அவள் யோசித்துவிட்டு மரச்சீனிக்கிழங்கு என்றாள்; வெளியூரில் மரவள்ளி என்பார்கள்.

"அதுவும் இதுவும் சேத்துல்லா திங்குறது" என்று நாலாம் வகுப்பில் ஒருவன் சொல்ல, வகுப்பே அன்று மதியம் வரை சாப்பாட்டைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தது. தேர்தல் நடக்கிறது என்பதை நான் இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது.

புதன்கிழமை பிரச்சாரம். அவளுக்குப் பேசத் தெரியும். தண்ணீர் மணி அடித்து, எல்லாரும் பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்துக் கொண்டிருக்கும்போது பெஞ்சில் ஏறி, "மரச்சீனிக்குப் போட்டா எல்லாருக்கும் பந்து" என்றாள். வாயில் தண்ணீர் இருப்பவர்களால் எதிர்க்கேள்வி கேட்க முடியாது என்று கண்டுபிடித்தவளை நான் மனதுக்குள் மெச்சினேன்.

பையன் பேசவில்லை. மதியம் சத்துணவில் முட்டை. அவன் தன் முட்டையைப் பிளந்து மஞ்சள் கருவை எடுத்து, ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளின் தட்டில் கிள்ளிக் கிள்ளி வைத்துக் கொண்டு போனான்.

"இது என்னடே?" என்றேன்.

"எனக்கு மஞ்சக்கரு பிடிக்காது சார்."

"நேத்து தின்னியே?"

"இன்னைக்குத்தான் பிடிக்கல்ல."

கிள்ளி வைத்த மஞ்சள் கரு கையூட்டு ஆகுமா என்பது பற்றி எந்தச் சுற்றறிக்கையும் எனக்கு நினைவில்லை. தலைமையாசிரியை டீச்சரிடம் சொன்னேன். "பிள்ளைக்க வயித்துக்குத்தான போகுது சார், விடுங்க" என்றார். தேர்தல் பிரிவில் இப்படி ஒரு மேலதிகாரி எனக்கு வாய்த்திருந்தால் இரத்த அழுத்தம் வந்திருக்காது.

வியாழக்கிழமை வாக்குப்பதிவு. ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து வராது. எனவே வாக்குச்சீட்டுக்குப் பதில் மஞ்சாடி விதை. பள்ளி வளாகத்திலேயே ஒரு மஞ்சாடி மரம் நிற்கிறது. அந்தச் சிவப்பு விதைகளை வைத்துத்தான் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுக்கிறார்கள். வகுப்பின் மூலையில் டீச்சரின் பழைய சேலையைத் திரையாகக் கட்டினேன். திரைக்குப் பின்னால் மேசை. மேசையில் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகள். ஒன்றுக்குப் பின்னால் மீன் படம், மற்றதற்குப் பின்னால் கிழங்குப் படம். ஆளுக்கு ஒரு விதை. விரலில் வைக்க ஊதா மை. எல்லாரும் இரண்டு கையையும் நீட்டினார்கள். ஒரு கைக்கு மட்டும்தான் என்று விளக்குவதிலேயே பாதிப் பொழுது போயிற்று.

பெரிய வகுப்புகள் முதலில், சிறியவர்கள் கடைசியில். ஐந்திலும் நாலிலும் ஆட்கள் முகத்தைப் பார்த்தே ஓட்டு யாருக்கு என்று சொல்லிவிடலாம். அந்த வகுப்புகளில் பையன்கள் அதிகம்; ஆகவே மீன் முந்தும் என்று கணக்குப் போட்டேன். ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி விதையைக் கைக்குள் பொத்தியபடியே வெளியே வந்தாள். விதை அழகாக இருக்கிறது, வீட்டுக்குக் கொண்டு போகிறாளாம். ஓட்டை வீட்டுக்குக் கொண்டு போக முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

எல்லார் முன்னாலும் கொட்டி எண்ணினேன். இரண்டு சிரட்டையிலும் சரிபாதி. மறுபடி எண்ணினேன். சரிபாதிதான்.

பையனுக்கு முகம் விழுந்தது. நான் சந்தேகப்பட்டேன், அது என் தொழில். வாக்காளரிடம் யாருக்குப் போட்டாய் என்று கேட்பது குற்றம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஏன் போட்டாய் என்று கேட்பதைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. முன்பல் இரண்டும் விழுந்த ஒரு இரண்டாம் வகுப்புக்காரியைக் கூப்பிட்டேன்.

"மக்கா, உள்ள போயி நீ என்ன செஞ்ச?"

"ரெண்டையும் பாத்தேன்."

"பாத்து?"

"எதுல கொறவா கெடந்தோ அதுல போட்டேன்."

"ஏன்?"

"பாவம்லா."

"யாரு பாவம்? அந்த அக்காவா, அண்ணனா?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "சிரட்ட."

அருகில் நின்ற சின்னவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய், குறைவாக இருந்த சிரட்டையில் விதையைப் போட்டு, இரண்டையும் ஒப்பாக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். மஞ்சள் கரு தின்றவர்களும்தான். எத்தனையோ தேர்தல்களுக்கு வாக்குப்பெட்டி மூடியைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். பள்ளிக்கூடத்தில் வைத்தது மூடியில்லாத சிரட்டை.

சமமானால் குலுக்கல் என்பது விதி. சொன்னேன். பையன் உடனே சரி என்றான். அவள் மாட்டேன் என்றாள்.

"குலுக்கல்ல தோத்துட்டா நான் யாருகிட்டப் போயிக் கேக்கியது? எனக்கு மறுபடி ஓட்டு வேணும். இந்தத் தடவ மூடி போட்டு."

"ஏட்டி, மறுபடி வச்சா நீ தோத்துருவ" என்றான் பையன். அதில் பகை இல்லை. தகவல் சொல்வது போலத்தான் சொன்னான்.

"தோத்தா தோக்கட்டு. அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, சடையின் நுனியைக் கடித்துக் கொண்டு நின்றாள். இந்த வருடம் இல்லையென்றால் அவளுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை; ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி. எனக்கும் அவள் கணக்குத் தெரிந்தது. மூடி போட்டால் இரக்கம் நின்றுவிடும். பிறகு மஞ்சள் கருதான் பேசும்.

வெள்ளிக்கிழமை மறு வாக்குப்பதிவு. டீச்சர் வீட்டிலிருந்து இரண்டு பிஸ்கட் டப்பாக்கள் வந்தன. மூடியில் விதை நுழையும் அளவுக்கு நானே துளை போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டினேன். உள்ளே பார்க்க வழி இருக்கிறதா என்று இரண்டு வேட்பாளர்களையும் சோதிக்கச் சொன்னேன். இல்லை என்று தலையாட்டினார்கள். பெரிய வகுப்புகள் போட்டு முடித்தன. ஒன்றாம் வகுப்பு தொடங்கியது.

செருப்பு அடுக்குகிற பையன் முதலில் உள்ளே போனான். கொஞ்சநேரம் சத்தமே இல்லை. பிறகு திரைக்குப் பின்னாலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். சிறிது இடைவெளி. மறுபடி கடகட, இந்த முறை கொஞ்சம் கனமாக. பிறகு 'டக்' என்று ஒரு விதை விழும் ஓசை.

எனக்குப் புரிந்துவிட்டது. டப்பாவைத் தூக்கிக் குலுக்கிப் பார்க்கிறார்கள்.

டீச்சரும் கேட்டார். "சார், போயித் தடுக்கலியா?"

வாக்காளர் மறைவிடத்துக்குள் இருக்கும்போது வாக்குச்சாவடி அலுவலர் அங்கே போகக்கூடாது. இதை எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் நானே அடித்துச் சொல்லியிருக்கிறேன். நாற்காலியிலேயே இருந்தேன். அடுத்த பிள்ளை போனாள். கடகட. கடகட. டக். வரிசையில் நின்ற சின்னவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, உள்ளே போவதற்கு முன்பே கைகளைத் துடைத்துக் கொண்டார்கள்.

பெண் என் முகத்தைப் பார்த்தாள். பையன் கூரையைப் பார்த்தான். அவன் எவ்வளவோ மஞ்சள் கருவை விட்டுக் கொடுத்திருந்தான்.

எண்ணினேன். சரிபாதி.

இனிமேல் குலுக்கல்தான் என்றேன். குலுக்கியாயிற்றே என்றார் டீச்சர். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "என்ன செய்யலாம்?" என்று கேட்டார். பள்ளி முழுக்க ஒரே குரல்: "ரெண்டு பேரும் இருக்கட்டு."

ஒரு பதவிக்கு இரண்டு பேர் என்பதற்கு விதியில் இடமில்லை என்று சொன்னேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இரண்டு தலைவர்களும் அங்கேயே பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்துவிட்டார்கள்.

"திங்களும் புதனும் எங்களுக்கு" என்றாள் அவள்.

"செவ்வாயும் வியாழனும் எங்களுக்கு. வெள்ளியும்."

"வெள்ளி எதுக்குலே ஒனக்கு?"

"நாங்க கூடுதல் பேரு உண்டும்."

"ஓட்டு ஒண்ணுபோலத்தான விழுந்துச்சி?"

வெள்ளிக்கிழமை கொஞ்சநேரம் கயிறுபோல இரு பக்கமும் இழுபட்டது. அப்போது முன்பல் இல்லாதவள் எழுந்து, "வெள்ளி எங்களுக்கு" என்றாள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் அவள் பின்னால் எழுந்து நின்றன.

இரண்டு தலைவர்களும் ஒரே நேரத்தில் "அதெல்லாம் இல்ல" என்றார்கள். புதிய அரசின் முதல் ஒருமித்த முடிவு.

"அப்பம் நாங்க மறுபடி ஓட்டுப் போடுவோம்" என்றாள் அந்தச் சின்னவள்.

இருவரும் டப்பாக்களைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை சின்னவர்களுக்குப் போயிற்று.

என் வேலை அதோடு முடிந்தது. ஆனாலும் திங்கட்கிழமை நான் மறுபடி போனேன். அழைக்காத இடத்துக்கு நான் போவதில்லை. மை டப்பாவை அங்கே மறந்து வைத்திருந்தேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன்.

இடைவேளை மணி அடித்ததும் அவள் சாவியோடு வந்து அலமாரியைத் திறந்தாள். பந்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக் கொண்டு வராந்தாவுக்கு வந்தபோது மழை பிடித்துக் கொண்டது. சாரல் இல்லை, நல்ல மழை. மைதானத்தில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. அவள் பின்னால் பெண்பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பையன்கள் தூணோரம் நின்று சிரித்தார்கள்.

"ஒனக்க நாளு போச்சு" என்றான் மற்ற தலைவன்.

அவள் என்னிடம் திரும்பினாள். "சார், மழ பெஞ்சா நாள மாத்தித் தருவியளா?"

மழை, வெள்ளம், கலவரம் ஆகியவற்றால் வாக்குப்பதிவு தடைபட்டால் என்ன செய்ய வேண்டும், யார் அறிவிக்க வேண்டும், எப்படி அறிவிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பந்துக்கும் அதை நீட்டிக்கலாமா என்று யோசித்து, "அதுக்கு முதல்ல டீச்சர்கிட்ட எழுதிக் குடுக்கணும்" என்று ஆரம்பித்தேன்.

அவள் செருப்பை உதறிவிட்டாள். பந்தைக் கீழே வைத்து ஓங்கி ஓர் உதை. அது சேற்றில் விழுந்து, உருளாமல் அங்கேயே நின்றது. டீச்சர் உள்ளேயிருந்து "ஏட்டி, நனையாத" என்று கத்துவதற்குள் அத்தனை பெண்பிள்ளைகளும் மழைக்குள் இருந்தார்கள்.