தண்ணி காணாத துணிக்குக் கத்தரி இல்லை

அச்சுவேலியிலை உடுப்புத் தைக்கிற சீலாவிட்டை ஒரு துணியைக் குடுத்தால் அது நேரை உடுப்பாகாது. முதல்லை குளிக்கவேணும்.

பகிடி இல்லை, உண்மையாத்தான்! துணி வந்த உடனை சீலா அதைக் கட்டிலிலை விரிப்பா. வெட்டின பக்கம் ரெண்டிலையும், தோய்க்கேக்கை இழை பிரிஞ்சு போகாமல், ஊசியாலை நூல் ஓடுவா. பிறகு பேசினுக்குள்ளை உப்புத்தண்ணி விட்டு ஊறப்போடுவா. அடுத்தநாள் தோய்ச்சு, முறுக்கிப் பிழியாமல், நிழலிலை காயப்போட்டு, கொஞ்சம் ஈரம் இருக்கேக்கையே புருசனைக் கூப்பிட்டு ரெண்டு பேருமா மூலைக்கு மூலை பிடிச்சு இழுத்து நேராக்குவினம். இவ்வளவும் முடிஞ்சாப்பிறகுதான் கத்தரிக்கோல் வெளியிலை வரும்.

"எங்கடை வீட்டிலை துணிக்கெல்லாம் ஞானஸ்நானம். பேர் வைக்கிறது ஒண்டுதான் மிச்சம்" எண்டு ஊரெல்லாம் சொல்லித்திரிஞ்சது வேறை ஆருமில்லை, அந்தப் புருசன் துரைராஜாதான். தபால் கந்தோரிலை வேலை. அவரிட்டைச் சொன்ன கதை காகிதத்தைவிடக் கெதியாப் போய்ச் சேரும்.

ஆனால் சீலா சும்மா பிடிவாதம் பிடிக்கேல்லை. எண்பத்தி நாலாம் ஆண்டு நத்தாருக்கு சேர்ச் பாட்டுக்குழுவுக்குப் பன்ரண்டு சேட் தைச்சவ. அவசரம், தோய்க்காத துணி. நத்தாரண்டு நல்ல வடிவு. ஒருக்காத் தோய்ச்சு உயிர்த்த ஞாயிறுக்குப் போட்டுக்கொண்டு வந்தினம் பாருங்கோ, பன்ரண்டு பேரும் தங்கடை தம்பிமாற்றை சேட்டைப் போட்டுக்கொண்டு நிக்கிற மாதிரி! உச்சத்திலை பாடவேண்டிய இடத்திலை அடைக்கலநாதன் நெஞ்சை விரிச்சார். சேட்டிலை பூட்டின ரெண்டு தெறி பறந்து போதகற்றை மேசையிலை விழுந்திது. சனம் ஜெபத்துக்குள்ளையும் சிரிச்சுது. சீலா அண்டைக்குத் தலை குனிஞ்சு வீட்டை வந்து, இனித் தண்ணி காணாத துணிக்குக் கத்தரி வைக்கிறேல்லை எண்டு முடிவெடுத்தவ. ஏழு வருசம் ஒரு துணிக்கும் விட்டுக்குடுக்கேல்லை.

தொண்ணூற்றிரண்டிலைதான் அது கஷ்டமாப் போச்சு. சண்டையாலை பாதை பூட்டு, சாமான் வராது, சவுக்காரத்தைக் கண்ணாலை காணேலாது. குளிக்க மேலுக்குப் போடவே இல்லாத சவுக்காரத்தை ஆர் புதுத்துணிக்குப் போடுறது? சனம் சந்தியிலை கனகரட்ணத்தின்ரை கடைக்குப் போச்சுது. அவர் காலமை துணி வாங்கிப் பின்னேரம் சேட் குடுப்பார். ஆவணி முழுக்க சீலாவின்ரை மெஷினுக்கு ஒரு முழத் துணி வரேல்லை. சீலா ஒவ்வொரு நாளும் அதைத் துடைச்சுப்போட்டு மூடிவைச்சா.

"நானும் கனகரட்ணத்திட்டை ஒரு சேட் தைப்பமோ எண்டு பாக்கிறன்" எண்டார் துரைராஜா.

"தையுங்கோ. தைச்சுப்போட்டு அதைப் போட்டுக்கொண்டு கனகரட்ணத்தின்ரை வீட்டிலையே சாப்பிடுங்கோ."

அப்பிடி இருக்கேக்கைதான் குணலட்சுமி வந்தா. நாலு வீடு தள்ளி இருக்கிறவ. புருசன் சீவரத்தினம் வெங்காயத் தோட்டம் செய்யிறவர். குணலட்சுமி சொன்னால் அந்த ஒழுங்கைச் சனமே கேக்கும். கையிலை கிளாலிக் கடலாலை வள்ளத்திலை வந்த வெள்ளைத் துணி, ரெண்டரை யார். ஒரு மூலையிலை மஞ்சள் தொட்டு வைச்சிருக்கு.

"சீலா, வாற ஞாயிறு எங்கடை பிள்ளையைப் பாக்க மாப்பிள்ளை பகுதி வருகினம். இவருக்கு நல்ல சேட் ஒண்டு வேணும். நீளக்கை. கனகரட்ணம் வெட்டினால் இவற்றை தோளுக்குச் சரிவராது, அதுதான் உம்மட்டை வந்தனான். ஆனால் தோய்க்கிறேல்லை."

"தோய்க்காமல் வெட்டமாட்டன், குணமக்கா."

"கோடித்துணியடி பிள்ளை! தோய்ச்சால் பிறகென்ன கோடி? நல்ல காரியத்துக்குப் பழந்துணியோடை நிக்கிறதோ?"

"சுருங்கின சேட்டோடை கலியாணவீட்டிலை நிக்கிறதைவிட அது நல்லம்."

குணலட்சுமி துணியைச் சுத்தினா. படலையடி வரைக்கும் போனா. பிறகு திரும்பி வந்து கட்டிலிலை வைச்சா. புருசன்ரை தோள் அப்பிடி, ஒண்டு மேலை, ஒண்டு கீழை. சீலாவை விட்டால் வேறை வழியில்லை.

"சரி, தோயும். ஆனால் இந்தத் துணிக்கு ஒரு கறை, ஒரு கிழிசல் வந்துதெண்டால், இனி இந்த ஒழுங்கையாலை மூக்குத் துடைக்கிற ஒரு கைலேஞ்சியும் உம்மட்டை வராது. நானே சொல்லிவிடுவன்."

சீலா துணியைக் கையிலை எடுத்தா. "ஓம்" எண்டிட்டா.

உப்புத்தண்ணி சரி. ஊறினதும் சரி. ஆனால் புதுத்துணியின்ரை கஞ்சி முழுக்கக் கழண்டு போகச் சவுக்காரம் வேணுமெல்லோ! துரைராஜாதான் வழி சொன்னார்.

"ஊர்ச்சனமெல்லாம் பனம்பழத்திலைதானே தோய்க்குது. நீர் மட்டும் என்ன மகாராணியோ?"

உண்மைதான். அந்த வருசம் ஊரே பனம்பழத்தைப் பிசைஞ்சு அந்தக் களியிலை தோய்ச்சுது. நல்லா நுரைக்கும், ஊத்தையும் போகும். சீலா ரெண்டு பழத்தைப் பிசைஞ்சு, தும்பு வராமல் ரெண்டுதரம் வடிச்சு, பிள்ளை குளிப்பாட்டுற மாதிரித் தோய்ச்சா. நாலு தண்ணியிலை அலசினா. துணி தும்பைப்பூ மாதிரி! கொடியிலை காயவிட்டிட்டு, ஒரு பிளேன்ரீ குடிப்பமெண்டு உள்ளை போனா.

நாலு தண்ணி என்ன, நாப்பது தண்ணியிலை அலசினாலும் பனம்பழ வாசம் போகாது. அது மனிசருக்குத் தெரியாட்டிலும் மாட்டுக்குத் தெரியும்!

ரீ பாதி குடிக்க முந்தி வெளியிலை "சப்பு, சப்பு" எண்டு ஒரு சத்தம். சீலா எட்டிப் பாத்தா. ஒரு சிவலைப் பசு கொடியடியிலை கண்ணை மூடிக்கொண்டு, சொர்க்கத்திலை நிக்கிற மாதிரி நிண்டு, துணியின்ரை ஒரு தொங்கலைச் சப்பிக்கொண்டு நிக்குது.

"ஐயோ ஆண்டவரே! விடு! விடடி!"

சீலா ஒரு பக்கம் இழுக்க, பசு ஒரு பக்கம் இழுக்க, துரைராஜா ஓடிவந்து பசுவின்ரை தாடையைப் பிடிச்சார். கடைசியிலை பசு விட்டுது. விட்ட பக்கம் ஒரு முழத்துக்குக் கசங்கி, ஓட்டை விழுந்து, வீணீர் வடியுது. துரைராஜா பசுவின்ரை கழுத்துக் கயித்தைப் பாத்தார்.

"சீலா... இது குணமக்காவின்ரை மாடெல்லோ!"

அப்பவும் அந்த மனிசனுக்குச் சிரிப்பு. ஆனால் சீலாவின்ரை முகத்தைப் பாத்தாப்பிறகு அதை விழுங்கிப்போட்டார். சீலா நிலத்திலை இருந்திட்டா. ஏழு வருசமாக் கட்டிக்காத்த பேர் மடியிலை எச்சிலோடை கிடக்குது.

"கிழிஞ்சதை வெட்டி எறிஞ்சுபோட்டு அரைக்கைச் சேட் தையுமன்" எண்டார் துரைராஜா மெதுவா. "நீளக்கைக்குத் துணி போதாமல் போச்சுதெண்டு சொல்லலாம்."

"ரெண்டரை யார் அளந்து தந்தவ. நான் பொய் சொல்லேலாது."

அப்பிடியே ஈரத்துணியைத் தோளிலை போட்டுக்கொண்டு குணலட்சுமி வீட்டை போனா. துரைராஜா பின்னாலை மாட்டைக் கொண்டு போனார். ஒழுங்கையே வேலியாலை எட்டிப் பாத்துது.

குணலட்சுமி முத்தத்திலை வெங்காயம் பரவிக்கொண்டு நிண்டா. சீலா துணியை விரிச்சுக் காட்டினா.

"குணமக்கா, மாடு சப்பிப்போட்டுது. பனம்பழத்திலை தோய்ச்சு, பாக்காமல் விட்டது நான். பிழை என்ரை. நீளக்கைக்குத் துணி போதாது."

மாடு ஆரின்ரை எண்டு அவ சொல்லேல்லை. பின்னாலை நிண்ட மாடுதான் குணலட்சுமியைக் கண்ட உடனை "ம்மா" எண்டுது.

குணலட்சுமிக்கு வாய் திறந்தபடி. கத்துறதுக்கு எடுத்த மூச்சை என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிண்டா. குந்தியிருந்து வெங்காயத்தாள் கட்டின சீவரத்தினந்தான் எழும்பி வந்து துணியைத் தொட்டுப் பாத்தார்.

"கோடி, கோடி எண்டு நிண்டாய். எங்கடை மாடு, லட்சுமியே வாய் வைச்சுப்போட்டாள். இதைவிட மங்களம் என்ன இருக்கு?"

"பகிடி விடாதையுங்கோ. அரைக்கையோடையோ சம்பந்தியளுக்கு முன்னாலை நிக்கப்போறியள்?"

"நான் எந்த நாளடி நீளக்கையை இறக்கிவிட்டனான்? முழங்கைக்கு மேலைதானே மடிக்கிறனான்."

குணலட்சுமி மாட்டைப் பாத்தா, சீலாவைப் பாத்தா, ஓட்டையைப் பாத்தா.

"இந்த எச்சிலோடை வெட்டப்போறீரோ?"

"இல்லை அக்கா. இன்னொருக்காத் தோய்க்கவேணும்."

"இன்னும் தோய்க்கப்போறா! லட்சுமி தந்த மங்களமும் தோய்ஞ்சு போகுமெல்லோ?"

"தோய்ச்சாலும் மங்களம் சுருங்காது" எண்டார் சீவரத்தினம்.

குணலட்சுமி உள்ளை போனா. அரிசிப் பானைக்குள்ளை கை விட்டுத் துழாவுற சத்தம் கேட்டுது. வரேக்கை கையிலை பேப்பர் சுத்தின ஒரு கட்டி, முழுசு, ஒரு மூலையும் தேயாத சவுக்காரம்! சீவரத்தினமே வாயைப் பிளந்தார்.

"வீட்டிலை சவுக்காரம் இல்லையெண்டெல்லோ சொன்னனி!"

"உங்களுக்கு இல்லையெண்டுதான் சொன்னனான்" எண்டிட்டு சீலாவின்ரை கையைப் பிடிச்சா. "வாரும் கிணத்தடிக்கு. நான் தண்ணி அள்ளுறன். ஆனால் சவுக்காரத்தை நான்தான் பிடிப்பன். நீர் துணியை மட்டும் பிடியும்."

சீலாவுக்குக் கண் கலங்கிப் போச்சு. துணியைக் கல்லிலை விரிச்சா. குணலட்சுமி கட்டியாலை மெல்ல ஒரு கோடு இழுத்தா.

"இன்னும் கொஞ்சம், அக்கா."

"இவ்வளவும் காணும்."

"கஞ்சி போகாது அக்கா."

"உம்மோடை பெரிய கரைச்சல்" எண்டு சொல்லிக்கொண்டே இன்னொரு கோடு இழுத்தா.